ஒரு வரி குறைந்த பாட்டு

முள்ளை இறக்கிவிட்டேன். இனி இந்தப் பக்கம் ஓடி முடிகிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் கடை, என் சட்டம். ரெக்கார்டு வாங்க வந்தவன் கலெக்டராக இருந்தாலும் சரி, காயலான்கடைக்காரனாக இருந்தாலும் சரி, முதலில் ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டுக் கேட்க வேண்டும், அப்புறம்தான் விலைப் பேச்சு. நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் முள்ளைத் தூக்கிவிடுவேன், போய்விட்டு இன்னொரு நாள் வா என்று அனுப்பிவிடுவேன். இந்தச் சட்டம் எதற்கு என்று இந்தச் சந்தில் ஒருத்தனுக்கும் தெரியாது. வந்தவன் தட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் அவன் முகத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எந்த இடத்தில் கால் விரல் ஆடுகிறது, எந்த இடத்தில் எச்சில் விழுங்குகிறான், அதைப் பார்த்தால் போதும், விலையை அவனே சொல்லிவிட்டான். ஆனால் இன்றைக்கு எதிரே இருக்கிற முகம் எதையும் சொல்லவில்லை. டோரீன். கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, பஸ்ஸில் பிக்பாக்கெட்காரன் பக்கத்தில் இடம் கிடைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். பிக்பாக்கெட் நான்தான் போல. முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாள், அத்தனையும் வெள்ளை. பவுடர் மட்டும் அதே பவுடர், கழுத்து மடிப்பில் திட்டுத்திட்டாக. ஐம்பது வருஷம் கழித்து என் கடைப் படியேறி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "தெக்லா, அந்த ரெக்கார்டு உன்கிட்டதானே இருக்கு? எனக்கு அது வேணும் மேன்," என்கிறாள். எப்படி இருக்கிறாய் கிடையாது. செத்தாயா பிழைத்தாயா கிடையாது. மேன். இவளுக்கு நான் அன்றைக்கும் மேன், இன்றைக்கும் மேன்.

எந்த ரெக்கார்டு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். உள்ளே போய் அட்டையோடு எடுத்து வந்தேன். பனியில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் நான்கு பேர், இரண்டு ஆண், இரண்டு பெண், கழுத்துவரைக்கும் கம்பளிக் கோட்டு, ஒரு முகத்திலும் சிரிப்பில்லை. ஓரத்துத் தாடிக்காரன் மட்டும் என்னவோ சொல்ல வாயைத் திறந்திருக்கிறான், அதற்குள் போட்டோ எடுத்துவிட்டார்கள், பாவம், காலத்துக்கும் அப்படியே திறந்த வாய். லில்லா ஹம்ன் என்று பேர். ஸ்வீடன் தேசத்துப் பாட்டுக் கோஷ்டி. இது அவர்கள் பேரெடுக்கிறதுக்கு முன்னால், ஆரம்பத்தில் போட்ட எல்.பி. அட்டை மூலையில் நீல மையில் தெக்லா என்று என் கையெழுத்து. அதைப் பார்த்ததும் டோரீன் தலையாட்டினாள். அட்டை அதே அட்டைதான். உள்ளே இருந்த தட்டுதான் வேறு. அவள் கேட்கிற தட்டு, எங்கள் தட்டு, என் முதுகுக்குப் பின்னால் இரும்பு பீரோவில் பழைய புடவைக்குள் இருக்கிறது. இப்போது ஓடுவது, போன வருஷம் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பங்களாவைக் காலி பண்ணியபோது மொத்தமாகத் தூக்கி வந்ததில் கிடைத்த இன்னொரு பிரதி. கீறல் கிடையாது, குழந்தை கன்னம் மாதிரி இருக்கும். எங்கள் தட்டில் கீறல் உண்டு. இந்தப் பக்கத்துக் கடைசிப் பாட்டில், ஒரே ஒரு இடத்தில், முள் குதிக்கும். ஒரு முழு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வரியின் தலையில் போய் விழும். அது டோரீனுக்கு நினைவிருக்கிறதா என்றுதான் இப்போது பார்க்கப்போகிறேன். அந்த இடம் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும்போது இவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள் என்றால், இவள் வந்தது சும்மா, எவனோ வெளிநாட்டுக்காரன் நல்ல விலை தருகிறான் என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறாள். இந்த வழவழப்பையே இவள் தலையில் கட்டி, படியிறக்கிவிட்டு, சாகிறவரைக்கும் நிம்மதியாகத் திட்டிக்கொண்டிருப்பேன். நினைவிருந்தால்? அதற்கு இன்னும் முடிவெடுக்கவில்லை.

முதல் பாட்டு. ட்ரம்பெட். கேட்கவே அசடு வழிகிறது, பள்ளிக்கூட விளையாட்டு தினத்துக்கு அணிவகுப்பு போகிற மாதிரி ஒரு ட்ரம்பெட், அதற்குமேல் தாடிக்காரனும் இன்னொருவனும் மூக்கால் பாடுகிறார்கள், அந்த இரண்டு பெண்களும் பின்னால் நின்று ஊ, ஆ. அவ்வளவுதான் வேலை. சாம்பிராணி போடுகிறவள்கூட அதைவிட முன்னால் நிற்பாள். இந்தப் பக்கம் முழுக்க இப்படித்தான். ஒரு பாட்டு அணிவகுப்பு, ஒரு பாட்டு கோயில், ஒரு பாட்டு அமெரிக்காக்காரன் மாதிரி உறுமல், ஒரு பாட்டு குழந்தைகளுக்குத் தாலாட்டா கும்மியா என்று தெரியாது. எந்தக் கடையில் நுழைவது என்று தெரியாமல் சந்தை முழுக்கச் சுற்றி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காத ஜனம். இப்படிப்பட்டவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் இந்தத் தட்டைத்தான் நான் ஒரு சேவலைக் கொடுத்து வாங்கினேன். துறைமுக கேட்டுக்கு வெளியே கருவாடும் மாங்காய் ஊறுகாயும் கப்பல்காரர்களுக்குக் கொடுத்து, சோப்பும் பிளேடும் சென்ட் பாட்டிலும் வாங்கிக் கைமாற்றிக்கொண்டிருந்தேன், பத்தொன்பது வயசு இருக்கும். ஒரு கப்பல் சமையல்காரன், செம்பட்டைத் தாடி, இந்தத் தட்டை ஆட்டி ஆட்டிக் காட்டினான். உயிரோடு கோழி வேணுமாம். கப்பலில் ஐஸ் வைத்த கறி தின்று நாக்குச் செத்துப்போச்சாம். அவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது, வெயிலில் நின்று கையால் சண்டை போட்டோம். அம்மா வளர்த்த சேவல். ஊர்ப்பட்ட ஜம்பம் பிடித்த சேவல். வீட்டில் வாங்கிய அடி இன்னும் முதுகில் இருக்கிறது. தட்டை மூட்டையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது காவல்காரன் குத்தூசியை எடுத்தான். அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற அந்தக் கூர் ஊசி. மூட்டையில் என்னடி கடத்துறே என்று ஒரே குத்து. அவ்வளவுதான். அட்டையைத் துளைத்துப் போய், தட்டின் ஒரு பக்கத்தில், நடுவட்டத்துக்குக் கிட்டே, ஒரு கோடு. அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் குத்தூசியைப் பிடுங்கி அவன் தொப்பையில்.

டோரீனின் கால் அசையவில்லை. ரப்பர் செருப்பு, பாதம் வீங்கியிருக்கிறது, சர்க்கரை இருக்கும். எனக்கும்தான் இருக்கிறது, நான் வீங்கவில்லை. ஃபேன் காற்று இவள் பக்கம் போகிறது. திருப்பிவைக்கலாம். திருப்பினால் என்னவோ உபசாரம் பண்ணுகிற மாதிரி ஆகிவிடும், வேர்க்கட்டும், இல்லை, காற்று ஏற்கெனவே இவள் பக்கம்தான் போகிறது, அப்படியானால் என் பக்கம் திருப்ப வேண்டும், அதுவும் வேண்டாம், இவள் வந்ததால் நான் எதையும் திருப்பவில்லை என்று இருக்கட்டும். இரண்டாவது பாட்டு வந்துவிட்டது, கோயில் பாட்டு, ஆர்கன். இந்த ஆர்கனைக் கேட்டாலே ராயபுரத்து மாதா கோயில் ஹால் வந்துவிடுகிறது, சுண்ணாம்பு வாசனையும் எலிப்புழுக்கை வாசனையும். அங்கேதான் பழகுவோம். ஹெக்டர் கிட்டார். என் சொந்த அண்ணன் சவரி டிரம். அவன் கல்யாண பேண்டில் அடிக்கிறவன், மெதுவாக அடி என்றால் பிணத்துக்கு அடிக்கிற மாதிரி அடிப்பான். பாட டோரீனும் நானும். ஹார்பர் ஃபோர் என்று ஹெக்டர் பேர் வைத்தான். தட்டை ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு, நிறுத்தி, அப்படியே பிரதி எடுப்போம். டோரீன் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவார்கள், எங்கள் வீட்டில் இங்கிலீஷ் என்றால் சிகரெட் பெட்டியில் இருப்பது. வார்த்தைகளை அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். இந்த ஸ்வீடன் பெண்கள் ஜ வரவேண்டிய இடத்தில் ய சொல்வார்கள். டோரீன் அப்போது விழுந்து விழுந்து சிரித்தாள், "இவளுங்க இங்கிலீஷ் உன்னைவிட மோசம் தெக்லா." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதுகூட எரிகிறது, ஏனென்றால் நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தேன். அவளும் நானும் அந்த ய-வையே பிடித்துக்கொண்டு பாடினோம், பிசகில்லாமல். பிசகை எல்லாம் பிசகில்லாமல்.

கடைசிப் பாட்டுதான் எங்களுக்கு. நாங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் அந்த ஸ்வீடன்காரர்களே அதைக் கண்டுபிடித்திருப்பார்களோ என்னவோ. இந்தப் பக்கம் முழுக்க ஊ, ஆ என்று பின்னால் நின்ற அந்த இரண்டு பெண்களும் கடைசிப் பாட்டில் திடீரென்று முன்னால் வந்துவிடுவார்கள். ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே, நடுவில் காற்றுப் போக இடமில்லாமல் ஒட்டிக்கொண்டு. யார் முன்னால் வரச் சொன்னது என்று தெரியவில்லை. தாடிக்காரனுக்குத் தொண்டை கட்டியிருக்கும். எதுவானாலும், சந்தை முழுக்கச் சுற்றியவர்கள் அந்தப் பாட்டில்தான் தங்கள் கடையைக் கண்டார்கள். அதற்கப்புறம் வந்த அவர்கள் தட்டு எதை எடுத்தாலும் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். மேலே டோரீன், கீழே நான். என் குரல் கட்டை. வீட்டில் தவளை என்பார்கள். முதல் தடவை அந்தப் பாட்டை நாங்கள் முழுக்கப் பாடி முடித்தபோது சவரிண்ணன் டிரம் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏய், இது என்னடி?" என்றான். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. அந்தக் குதிப்பு வருகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சே விடாமல் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவுவோம். பாட்டே அப்படித்தான் என்று நினைத்தோம். நால்வரும் அப்படித்தான் நினைத்தோம். தட்டு குதிக்கிறது என்று தெரிய எங்களிடம் வேறு தட்டு ஏது? அந்தத் தாவல்தான் பாட்டின் உயிர் என்று ஹெக்டர் சொன்னான். வெள்ளைக்காரன் மூளையைப் பார் என்றான். குத்தூசிக்காரன் மூளை.

உறுமல் பாட்டு ஆரம்பித்தாயிற்று. இந்தப் பாட்டு வந்தால் எனக்கு அந்த ஹோட்டல். மவுண்ட் ரோட்டு ஹோட்டல், பேர் வேண்டாம், இப்போது இல்லை, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். சாயந்திரம் டீ நேரத்தில் ஜோடிகள் ஆட பேண்டு வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் டோரீனுடைய அக்காவின் கவுனைப் போட்டுக்கொண்டு போனேன், அக்குள் பிடித்துக்கொண்டிருந்தது, கையைத் தூக்கினால் கிழியும். மேனேஜர் வழுக்கைத் தலை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பாட்டைப் பாடினோம். அந்த இடம் வந்தது, இரண்டு பேரும் ஒன்றாகத் தாவினோம். கண்ணைத் திறந்தார். மறுபடி பாடு என்றார். மறுபடி தாவினோம். சிரித்தார். அவர் வீட்டில் இதே தட்டு இருந்தது, கீறல் இல்லாதது, இப்போது ஓடுகிற மாதிரி. "இதில் ஒரு வரி போகிறது," என்றார் ஹெக்டரிடம், என்னிடம் இல்லை, இங்கிலீஷில், "அந்தக் கறுத்த பெண் அவசரப்படுகிறது, வரியை முழுங்குகிறது. ஒரு பெண் போதும் உங்களுக்கு." இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் கறுத்த என்பது தெரியும், மிச்சத்தை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் எடுத்தோம். ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. ஆனால் அவர் காதில் என் குரல் மட்டும்தான் முந்தி விழுந்தது, அதிசயம். நான் ஹெக்டரைப் பார்த்தேன். கிட்டார் ஆணியை முறுக்கிக்கொண்டிருந்தான். அண்ணனைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான், கூடப் பிறந்தவன். டோரீனைப் பார்த்தேன். டோரீன் என்னைத்தான் பார்த்தாள், நேராக. வாய் மட்டும் திறக்கவில்லை. நானும் கூடத்தான் எடுத்தேன் என்று ஒரு வார்த்தை. இந்த வாய்தானே, இதோ எதிரே இருக்கிறதே, இதே வாய், இப்போது பொய்ப்பல் போட்டிருக்கிறது. மறுநாள் கோயில் ஹாலுக்குப் போய்த் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். சேவல் என்னுடையது. யாரும் தடுக்கவில்லை. அந்த இடத்துக்கு ஒரு கோவாக்காரனைப் பிடித்துப் போட்டு, கடைசிவரைக்கும் ஹார்பர் ஃபோர் என்றே போர்டு வைத்திருந்தார்கள். நாலாவது ஆள் யாராக இருந்தாலும் கணக்கு நாலுதான்.

இருமல் வருகிறது. அடக்குகிறேன். இப்போது இருமினால் சட்டத்தை நானே உடைத்த மாதிரி. இடது காது எனக்கு அவ்வளவாக இல்லை, கூம்பு ஸ்பீக்கர் சோதித்துச் சோதித்துப் போனது, அதனால் வலது காதைத் தட்டின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறேன், அப்படி உட்கார்ந்தால் டோரீனைக் கடைக்கண்ணால்தான் பார்க்க முடிகிறது. வெளியே எவனோ பைக்கை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறான், போ, போடா. மூர் மார்க்கெட்டில் நடைபாதையில் கோணி விரித்தவள் நான். அது எரிந்தபோது சாமான் அத்தனையும் போயிற்று, மறுநாள் சாம்பலில் கிடந்த செம்புக் கம்பியைப் பொறுக்கி விற்றேன், அதிலிருந்து மறுபடி எழுந்தேன். ஒருத்தன் கைகொடுக்கவில்லை. ஏமாற்றியவனை ஏமாற்றினேன், அடித்தவனை அடித்தேன், இந்தக் கடையில் என் குரலைக் கேட்டால் மொத்த வியாபாரிகூட நாற்காலியை நகர்த்தி உட்காருவான். அந்தத் தவளைக் குரல்தான். பாட மட்டும் இல்லை. அதற்கப்புறம் எங்கேயும் பாடவில்லை, மாதா கோயிலில்கூட வாயை அசைப்பேன், சத்தம் வராது. தட்டையும் போட்டுக் கேட்கவில்லை. இது யாருக்கும் தெரியாது. ஐம்பது வருஷம் பீரோவில் வைத்துக்கொண்டு, எத்தனையோ பிளேயர் விற்ற கடையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தடவைகூட அதன்மேல் முள்ளை இறக்கவில்லை. கீழ்ப்பாக்கத்துத் தட்டைத்தான் ஓடவிட்டுப் பார்த்தேன். நாங்கள் விழுங்கிய வரியை முதல்முதலாக அப்போதுதான் கேட்டேன். பெண்கள் இரண்டு பேரும் நிறுத்துகிறார்கள், தாடிக்காரன் தன்னந்தனியாக வந்து ஒரு வரி பாடுகிறான், அதற்கப்புறம்தான் பெண்களின் அடுத்த வரி. இவ்வளவுதான். ஒரு ஆம்பிளையின் ஒரு வரி. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, கோபத்தால் என்று நினைத்தேன், இல்லை, பயத்தால். ஒருவேளை எங்கள் தட்டு குதிக்கவே இல்லையோ? ஒருவேளை கோயில் ஹால் பிளேயரின் முள்தான் லேசோ? அதுகூடப் போகட்டும், ஒருவேளை நான்தான் நிஜமாகவே முந்தினேனோ? மேனேஜர் காது என்ன சாதாரணக் காதா? டோரீன் நின்று, நான் மட்டும் தாவி, அவள் அப்புறம் ஓடி வந்து சேர்ந்துகொண்டாளோ? என் இடப்பக்கம் நின்றாள் அவள். அப்போது இந்தக் காது நன்றாகத்தான் இருந்தது. நன்றாகத்தான் இருந்ததா? பீரோவைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். திறக்கவில்லை. தெரிந்துவிட்டால் என்ன பண்ணுவது? இத்தனை வருஷமும் கைப்பிடித்து நடந்த ஊன்றுகோல் அந்தக் கோபம். அதை யாராவது இரவல் வாங்கியது என்று சொல்லிவிட்டால்?

தாலாட்டுக் கும்மி முடியப்போகிறது. இனி அதுதான். இந்த ஒரு விஷயத்தை யோசிக்கவில்லையே நான், முட்டாள், கிழட்டு முட்டாள். டோரீன் அந்த ஹோட்டலில் வருஷக்கணக்காக இதே பாட்டைப் பாடியிருப்பாள். மேனேஜர் சொன்ன மாதிரி, சரியாக. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. ஹெக்டர் அந்த வரியைப் பாடியிருப்பான். அவளுக்குச் சரியான பாட்டுதான் பழகியிருக்கும், எங்களுடையது எங்கே இருக்கப்போகிறது? பேசாமல் உட்கார்ந்திருப்பாள், நான் ஜெயித்துவிடுவேன். ஜெயிக்கப்போகிறேன் என்பது இவ்வளவு கசக்க வேண்டுமா. இடைவெளி. முள் வெறும் தட்டில் சரசரக்கிறது. டோரீன் கைப்பையிலிருந்து ஒரு கையை எடுத்து முட்டிமேல் வைத்தாள். ஆரம்பித்துவிட்டது. இரண்டு பெண்கள், ஒட்டிக்கொண்டு, காற்றுப் போக இடமில்லாமல். சனியன், எவ்வளவு நன்றாக இருக்கிறது. இந்தப் பக்கம் முழுக்க என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தவர்கள் தேடினதையே மறந்துவிட்டு நிற்கிறார்கள். டோரீனின் உதடு அசைகிறது. ஜ வரவேண்டிய இடத்தில் ய. சத்தம் நூல் மாதிரி வருகிறது, நடுவில் அறுந்து அறுந்து. பேசினால் முள்ளைத் தூக்குவேன் என்பதுதான் சட்டம். பாடினால் என்ன பண்ணுவது என்று சட்டத்தில் இல்லை. கையை பிளேயர்மேல் வைத்துக்கொண்டேன், தூக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அந்த வரி வருகிறது. வந்துவிட்டது. ஸ்வீடன்காரிகள் நிறுத்தினார்கள். டோரீன் நிறுத்தவில்லை. மூச்சே விடாமல் தாவினாள், நேரே அடுத்த வரியின் தலையில். தாடிக்காரன் தன் வரியைத் தனியே பாடிக்கொண்டிருக்கிறான், கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி, அவனுக்கு மேலே டோரீனின் நூல், அதற்கு அடியில் இன்னொரு சத்தம், கட்டையாக, கரகரவென்று. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று பார்த்தேன். ஸ்பீக்கர் இல்லை. என் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. நாங்கள் அந்த வரியை முடித்த பிறகுதான் அந்த வெள்ளைக்காரிகள் அதை எடுத்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். எங்களைத் துரத்திக்கொண்டு பாட்டு முடிகிறவரைக்கும் வந்தார்கள், பிடிக்கவே இல்லை.

தட்டு காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டோரீன் என்னைப் பார்த்தாள், நேராக, அதே பார்வை.

"இது அது இல்லை," என்றாள்.

"எது இல்லை?"

"ஏமாத்துக்காரி. அட்டை மட்டும்தான் நம்மளது. உள்ள வேற எவனோடதோ. எடு மேன் அதை."

"அது கீறல் விழுந்தது. இது பளபளன்னு இருக்கு, சுத்தமா ஓடுது. இதையே எடுத்துட்டுப் போயேன்."

"இதுல ஹெக்டர் இருக்கான்."

எனக்குப் புரியவில்லை. அவள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தாள், பவுடர் அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. "நீ போனப்புறம் அந்த வரியை அவன்தான் பாடுவான். தினம் சாயந்திரம். அப்புறம் கல்யாணமாகி வீட்ல, குளிக்கும்போது, ஷேவ் பண்ணும்போது, நான் பாட ஆரம்பிச்சா போதும், கரெக்டா அந்த இடத்துல உள்ள வந்து நிப்பான். ஈஸ்டருக்கு முன்னாடி அடக்கம் பண்ணியாச்சு. இன்னும் வந்து நிக்கிறான். எனக்கு அவன் இல்லாத பாட்டு வேணும்."

சிரிப்பு வந்தது, இருமலாக வெளியே வந்தது. இத்தனை நேரம் அடக்கியதெல்லாம் சேர்த்து இருமினேன். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை, நல்லது, கொடுத்திருந்தால் தட்டிவிட்டிருப்பேன். இருமல் நின்றதும், ஐம்பது வருஷமாக வைத்திருந்த விலையைச் சொன்னேன்.

"அன்னைக்கு ஏன் வாயைத் தொறக்கல?"

"தொறந்திருந்தா? நாலு பேரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருப்போம். எங்கப்பா ரயில்வேல காலைக் குடுத்துட்டு வீட்ல உட்கார்ந்திருந்தாரு. நீ பொழைச்சிப்பே, எனக்குத் தெரியும். சேவலைக் குடுத்து ரெக்கார்டு வாங்கினவ நீ. நான் பொழைச்சிருக்க மாட்டேன் மேன். அதான் தொறக்கல." கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "ஸாரி கேக்க வரலை," என்றாள்.

"கேட்டிருந்தா படியில தள்ளிவிட்டிருப்பேன்."

"தெரியும்."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எடுத்தோம். அந்த ஒரு வார்த்தை."

"ஒண்ணாத்தான் எடுத்தோம்," என்றாள், பஸ் கண்டக்டர் மீதியை வீசுகிற மாதிரி. "போதுமா?"

"போதாது."

எழுந்தேன். முட்டி முறிகிற சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். பீரோவைத் திறந்து, புடவையைப் பிரித்து, எங்கள் தட்டை வெளியே எடுத்தேன். குத்தூசியின் கோடு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்தது, நான் நினைத்திருந்ததைவிடச் சின்னக் கோடு. டோரீன் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"ஒரு பக்கம் ஓடவிட்டுத்தான் விலை."

"இப்பதானே முழுசாக் கேட்டோம்!"

"அது வேற தட்டு. என் கடையில சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். உட்காரு."

முனகிக்கொண்டே ஸ்டூலை என் வலப்பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபேன் காற்று இப்போது இருவர்மேலும் பட்டது. "இனிமே வாயைத் தொறந்தே, முள்ளைத் தூக்கிடுவேன்," என்றேன். கைப்பையைத் தரையில் வைத்தாள். முள்ளை இறக்கினேன். அசட்டு ட்ரம்பெட் ஆரம்பித்தது. கடைசிப் பாட்டு வர இன்னும் நேரம் இருந்தது.